வாழைநாரில் அளந்த எட்டு நாட்கள்

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நாள்காட்டித் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். பெருமாள் படம் அச்சடித்த தாள் காலில் படலாமா? எங்கள் வீட்டில் அப்பா காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டதும் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். சுவரில் தொங்கிய ஒரு வளைந்த கம்பியில் அதைக் குத்தி வைப்பார். தாளின் முகப்பில் படம், தேதி, இராகு காலம் எல்லாம் இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நான் சொல்லப்போகிற எட்டு நாட்களும் அந்த வெறும் பக்கத்தில்தான் எழுதப்பட்டன.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் போன மாதம் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அந்தத் தள்ளல்களுக்கும் ஒரு சராசரி எடுக்க வேண்டும் என்று அதில் வந்தது. ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டேன். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கையால் தொட்டிருக்கிறேன். இதற்கு ஒரு பெயர் உண்டென்று மட்டும் இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. நான் நடந்துபோகிற தூரத்தில் படித்தேன். அக்கா காவிரிப் பாலத்தைத் தாண்டி, மலைக்கோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை.

அந்த ஐப்பசியில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைமை ஆசிரியையை எல்லோரும் மதர் என்றுதான் சொல்வார்கள். மதர் தன் கைப்பட எழுதியிருந்தார். உங்கள் மகள் சோம்பலால் பெரும்பாலான நாட்கள் ஒன்பதரைக்கு அடிக்கும் பிரார்த்தனை மணிக்குப் பிறகு வருகிறாள்; இப்படியே போனால் மாதக் கடைசியில் பெயரை எடுத்துவிட நேரும் என்று.

அப்பா அதை மூன்று முறை படித்தார். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

"சோம்பலா? திங்கக்கிழமையானா ஏழேகாலுக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்குற பொண்ணு சோம்பேறியா?"

அது உண்மை. திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இராகு காலம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைப்படியை யாரும் தாண்டக் கூடாது. அதனால் திங்களன்று மட்டும் அக்கா ஏழேகாலுக்கே கிளம்பிவிடுவாள். மற்ற நாட்களில் அப்பாவின் பூஜை முடிந்து, நைவேத்தியமாகி, துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாப்பாடு, அதற்குப் பிறகுதான் பஸ். அப்பா பூஜையில் உட்கார்ந்தால் கடிகாரம் பார்க்க மாட்டார். பாசுரத்தில் ஒரு வரி மனசில் பிடித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். கண்ணீர் வழியும். அக்கா தாவணியின் நுனியைத் திருகிக்கொண்டு கதவோரம் நிற்பாள். அவளுக்கும் பக்திதான். ஆனால் காது பஸ் சத்தத்தில் இருக்கும்.

அப்பாவுக்குப் பொதுப்பணித்துறையில் ஆற்று மட்டம் குறிக்கிற வேலை. அதனால் எதையும் குறித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். அக்காவைக் கூப்பிட்டார்.

"இன்னியிலேருந்து நீ எத்தனை நிமிஷம் முன்னாடி போறே, எத்தனை நிமிஷம் பின்னாடி போறே, தாள்ல எழுது. எதிர்வீட்டுப் பொண்ணோடதையும் எழுது. அவளை ஒண்ணும் சொல்லலையாமே அந்த மதர்? பாத்துடுவோம்."

எதிர்வீட்டுப் பெண் அக்காவுடைய வகுப்புதான். அவள் அம்மா திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்தவக் குடும்பம். ரோட்டில் பார்த்தால் அப்பா மரியாதையாகத் தலையசைப்பார். அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை.

எதிர்வீட்டு அக்கா தான் பள்ளிக்கு வந்து சேரும் நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவாள். சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று கையை நீட்டுவாள்.

"இந்தாடி, என் ஜாதகம். உங்க அப்பாவுக்காக என் கையெல்லாம் மை. பரீட்சையில பிட் எழுதிட்டு வந்தேன்னு மதர் பிடிச்சா நீதான் வந்து சாட்சி சொல்லணும்."

"நான் வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும்டி" என்பாள் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அக்காவின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும்.

இப்படி ஒரு திங்களில் ஆரம்பித்து அடுத்த வாரம் புதன் வரை எட்டுப் பள்ளி நாட்கள் சேர்ந்தன. புதன் சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து, கால் அலம்பி, தாள்களைக் கம்பியிலிருந்து உருவி, அன்றைய தாளையும் முன்கூட்டியே கிழித்துச் சேர்த்துக்கொண்டு கணக்குப் போட்டார். அக்கா இரண்டு திங்களிலும் எழுபத்தைந்து நிமிடமும் எழுபத்தேழு நிமிடமும் முன்னால். மற்ற ஆறு நாளும் ஐந்து, எட்டு, ஆறு, நான்கு, ஒன்பது, எட்டு நிமிடம் தாமதம். முன்னால் போனதைக் கூட்டி, தாமதத்தைக் கழித்து, எட்டால் வகுத்தார். சராசரியாகப் பதினான்கு நிமிடம் முன்னால் என்று வந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கும் அதேபோல் போட்டார். அவள் எல்லா நாளும் பதினொன்றிலிருந்து பதினாறு நிமிடத்துக்குள் முன்னால் போயிருந்தாள். அவளுக்கும் சராசரி பதினான்கு.

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

"பாத்தியா? ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. அவங்க ஆளுன்னா ஒரு நியாயம், நாமன்னா ஒரு நியாயம்."

"அப்பா, ஆறு நாள் லேட்டுப்பா..."

"அதான் ரெண்டு திங்கக்கிழமை ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடியே போயி உக்காந்திருக்கியே. அதுக்கு இது சரியாப் போச்சு. ஆத்துல ஒரு நாள் பத்தடி ஓடும், ஒரு நாள் ரெண்டடி ஓடும். மேல இருக்கிறவங்க சராசரியைத்தான் கேப்பாங்க. இப்படிப் பாரபட்சம் பாக்குற இடத்துல நீ படிக்க வேண்டாம். நாளைக்கே போயி டி.சி. வாங்கிடறேன்."

அப்பா பொய் சொல்கிறவர் அல்ல. கணக்கும் தப்பில்லை. அப்பா சாயரட்சை சேவிக்கக் கோயிலுக்குக் கிளம்பிப் போனார். அக்கா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கடைசி வருஷத்தில் டி.சி. வாங்கினால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அவ்வளவுதான், அவள் படிப்பு முடிந்தது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஸ்லேட்டை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் பதினான்கிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதினாள். கூடுதலுக்குக் கூட்டல் குறி, குறைவுக்குக் கழித்தல் குறி. எல்லாவற்றையும் சேர்த்தாள். பூஜ்யம் வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பூஜ்யம். எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டாள். அதுவும் பூஜ்யம்.

"போச்சு" என்றாள். "எப்படிப் போட்டாலும் ரெண்டு பேரும் ஒண்ணுன்னுதான் வருது."

எனக்குக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அவ்வளவாகப் புரியாத வயது. நான் தரையில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தேன். அம்மா பெருமாளுக்குப் பூத்தொடுக்க, தொட்டியத்தில் இருந்த மாமா வாழைநார் கட்டுக்கட்டாக அனுப்புவார். தண்ணீரில் ஊறின நாருக்கு ஒரு வாசனை உண்டு, மழை விட்ட தோப்பின் வாசனை. எனக்கு அக்காவின் அழுகையை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

"தாளையெல்லாம் தரையில வெச்சுப் பாப்போமா அக்கா? கட்டம் விளையாடுற மாதிரி?"

அவளுக்கும் வேறு வேலை ஓடவில்லை. கூடத்தின் நடுவில் குறுக்காக ஒரு நீள நாரை இழுத்துப் போட்டோம். அதுதான் பதினான்கு, சராசரி. ஒரு நிமிடத்துக்கு ஒரு விரற்கடை. அக்கா விரல் தடிமன் வேறு, என் விரல் வேறு. அதனால் என் விரல்தான் அளவு என்று தீர்மானித்தோம். அக்கா எண்ணைச் சொல்லச் சொல்ல, நான் தவழ்ந்து தவழ்ந்து விரலை வைத்து அளந்து தாளை வைத்தேன். இரண்டு திங்கட்கிழமைகளும் நாரிலிருந்து தள்ளிப் பூஜை அறை வாசலுக்கே போய்விட்டன. ஒன்று அறுபத்தொரு விரல், இன்னொன்று அறுபத்து மூன்று. மற்ற ஆறும் இந்தப் பக்கம், தெருக்கதவுப் பக்கமாக, பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று விரல் தள்ளிக் கும்பலாக விழுந்தன. நார் ஓரமாக ஒரு தாள்கூட இல்லை. சராசரி சராசரி என்று அப்பா சொன்ன இடத்தில் அக்கா ஒரு நாள்கூடப் போய் நிற்கவில்லை!

எதிர்வீட்டு அக்காவுக்குத் தாள் இல்லாததால் எட்டுப் புளியங்கொட்டை வைத்தோம். எட்டும் நாரை ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று நாரின் மேலேயே உட்கார்ந்தது.

பிறகு, நாரிலிருந்து ஒவ்வொரு தாள் வரைக்கும் ஒரு துண்டு நார் வெட்டினேன். முடிச்சுக்கு நீளம் போய்விடும் என்று ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டச் சொன்னாள் அக்கா. திங்கட்கிழமைத் துண்டுகள் இரண்டையும் முடிந்தோம். இந்தப் பக்கத்து ஆறு துண்டுகளையும் தனியாக முடிந்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பிடித்தோம்.

மயிரிழை வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றும் நூற்று இருபத்து நான்கு விரல்.

"அதான் பூஜ்யம்" என்றாள் அக்கா. அவள் குரலே மாறிவிட்டது. "அங்க ரெண்டு, இங்க ஆறு. ஆனா நீளம் ஒண்ணு."

எனக்கு அன்றைக்கு வந்த பயம் கலந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? மூலஸ்தானத்தில் திரை விலகும்போது வருமே, அது. நாங்கள் யாரும் அதைச் சமமாக வெட்டவில்லை. பஸ் தாமதமானது, சிக்னலில் நின்றது, பூஜை நீண்டது, எல்லாம் அதனதன் போக்கில் நடந்தது. ஆனாலும் நடுவில் அந்த ஒரு கோட்டைப் போட்டவுடன் இரு பக்கமும் தராசுத் தட்டு மாதிரி நின்றுவிட்டன. எந்த எட்டு நாளை எடுத்தாலும் இப்படித்தான் நிற்கும் என்று அக்கா சொன்னாள். நான் நாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது யோசித்துச் செய்ததில்லை. இரண்டு நாரும் கையில் இருந்தன. சேர்த்து முடிந்துவிட்டேன்.

"ஏய், என்னடி பண்றே? இது முன்னாடி போனது, அது கம்மியாப் போனது. ரெண்டும் வேற பக்கம்."

"கையில எடுத்தாச்சேக்கா. எந்தப் பக்கம் கிடந்துச்சுன்னு நாருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் நாரைப் பார்த்தாள். முன்னாலோ பின்னாலோ, தள்ளி நின்றது தள்ளி நின்றதுதான். ஒன்றை ஒன்று அடிக்காமல், தூரத்தை மட்டும் சேர்த்தால்? பாய்ந்து போய்ப் புளியங்கொட்டைகளின் துண்டுகளையும் வெட்டி முடிந்தாள். அது மொத்தமும் என் ஒரு சாண். பன்னிரண்டு விரல். அக்காவுடைய நாரோ பத்து முழத்துக்கு மேல். கூடத்தில் அடங்கவில்லை, நடையில் போய் வளைந்தது.

எட்டு நாளுக்குப் பங்கு போட வேண்டும். பாதியாக மடித்தாள், மறுபடி பாதி, மறுபடி பாதி. மூன்று மடிப்பில் எட்டு. எதிர்வீட்டு அக்காவின் நார் மடிந்து ஒன்றரை விரலாகச் சுருங்கியது. அக்காவுடையது மடித்த பிறகும் முப்பத்தொரு விரல், ஒரு முழத்துக்கும் மேல் தொங்கியது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். சராசரி ஒன்று. ஆனால் ஒருத்தி அதிலிருந்து ஒன்றரை நிமிடம் அசைகிறாள், இன்னொருத்தி அரை மணிக்கும் மேல் அலைக்கழிகிறாள். இத்தனை பெரிய வித்தியாசம் இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்தது!

தெருக்கதவு திறந்தது. அப்பா பிரசாதத் தொன்னையோடு உள்ளே வந்தவர், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்ன இது, பெருமாள் படத்தைத் தரையில பரப்பி வெச்சிருக்கீங்க?"

அக்கா இரண்டு நாரையும் நீட்டினாள். என்ன செய்தோம் என்று சொன்னாள். அப்பா தொன்னையை மாடத்தில் வைத்துவிட்டு, இரண்டு மடிப்பையும் வாங்கித் தாமே விரல் வைத்து அளந்தார். என் கையைப் பிடித்து என் விரலை வைத்தும் அளந்தார்.

பிறகு தரையில் உட்கார்ந்து, பூஜை அறை வாசலில் கிடந்த இரண்டு தாள்களையும் புரட்டினார். இரண்டிலும் 'இராகு காலம் 7.30 – 9.00' என்று இருந்தது.

"இது நான் சொல்லித்தானே போறா" என்றார். "நல்லதுக்குத்தானே? ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடி போயி நிம்மதியா உக்காந்து படிக்கலாமில்ல?"

"எட்டேகாலுக்கு கேட் திறக்க மாட்டாங்கப்பா" என்றாள் அக்கா. "வாட்ச்மேன் ஒம்போது மணிக்குத்தான் வருவாரு. வெளியில ரோட்டுல நிப்பேன். எதிர்ல சைக்கிள் கடையில ஆம்பிளைங்க நின்னு பாப்பாங்க. மலைக்கோட்டையைப் பாத்துக்கிட்டு உச்சிப்பிள்ளையாரே, உச்சிப்பிள்ளையாரேன்னு சொல்லிக்கிட்டு நிப்பேன்."

அப்பா புண்ணியமென்று வரவில் வைத்திருந்த அந்த இரண்டு நாளும் அவளுக்கு எப்படி இருந்தன என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மெதுவாக இந்தப் பக்கம் திரும்பி மற்ற ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் இராகு காலம் எதிலும் இல்லை.

"அப்ப இந்த ஆறும்?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடுக்களை வாசலில் இருந்து அம்மா சொன்னாள்.

"அந்த ஆறும் உங்க பூஜைங்க."

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பூஜை அறைக்குள் போய், விளக்கின் முன்னால் விழுந்து சேவித்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் அந்த மனிதரின் மேல் எனக்குப் பாசம்தான் வருகிறது. தன் பக்தி பெண்ணின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒரு நாரைப் பார்த்து ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

மறுநாள் அப்பா நாலரைக்கே எழுந்து குளித்தார். ஏழே முக்காலுக்குத் தீர்த்தம் கொடுத்துவிட்டார். பாசுரத்தில் அதே வரியில் குரல் தழுதழுத்தது. நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடுத்த வரிக்குப் போனார். டி.சி. பேச்சே எடுக்கவில்லை. வியாழனும் வெள்ளியும் அக்கா எதிர்வீட்டு அக்காவோடு ஒரே பஸ்ஸில் போனாள்.

ஆனால் திங்கட்கிழமை? இராகு காலத்தில் படி தாண்டுவது அப்பாவுக்கு ஆகாத காரியம். அதற்காகப் பெண்ணை மறுபடி பூட்டின கேட்டின் முன் நிறுத்தவும் மனசில்லை. ஞாயிறு முழுக்க முகம் வாடிக் கிடந்தார். நம் பெரியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போகிறவரின் சாமான் ஏதாவது ஒன்றை நல்ல நேரத்திலேயே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். பிறகு ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. பெரிய யாத்திரைகளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்ணுக்கு யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

திங்கள் காலை ஏழேகாலுக்கு அப்பா அக்காவின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன். தெருவைக் கடந்து, எதிர்வீட்டுப் படியில் கால் வைத்தார். நர்ஸம்மா டியூட்டிப் புடவையோடு வந்து கதவைத் திறந்தார். நெற்றி நிறையத் திருமண்ணோடு அப்பா பள்ளிக்கூடப் பையைச் சுமந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"வாங்க சார், உள்ள வாங்க. என்ன, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காம்மா. இந்தப் பை கொஞ்ச நேரம் உங்க வீட்ல இருக்கட்டும். எட்டரைக்கு உங்க பொண்ணு கிளம்பறப்ப இவளும் வந்து எடுத்துக்குவா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பயணம் நல்லபடியா இருக்கணும். அதான், நல்ல இடமாப் பாத்து வைங்க" என்றார்.

நர்ஸம்மாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஒரு நிமிடம் யோசித்தார்.

"மாதாவுக்குப் பக்கத்துல வெக்கலாங்களா சார்? எங்க வீட்ல அதைவிட நல்ல இடம் இல்லைங்க."

உள்ளே சுவரில் மாடம் மாதிரி ஒரு பலகை. அதில் நீல முக்காடு போட்ட மாதா, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு சிறிய மெழுகுவர்த்தி. அப்பா செருப்பைக் கழற்றினார். பையை அவரே கொண்டுபோய் அந்தப் பலகைக்குக் கீழே சுவரோரமாக வைத்தார். வார் தரையில் புரளாமல் மடித்துப் பைக்குள் செருகினார்.

"எட்டரைதானேம்மா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

"எட்டரை சார். தினமும் எட்டரைதான்."